குப்பை என்று பெயர் வைத்த நாற்பத்தொரு இடங்கள்

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூன் மாதம் அது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. எங்கள் வீடு ராயபுரத்தில், காசிமேடு துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்தில். மாடியில் நாங்கள். கீழ்வீட்டில் ஒரு அண்ணனும் அவர் மனைவி அக்காவும். அண்ணனுக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு உண்டு.

என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். நான் மென்பொருள் எழுதுகிறவள். அதைவிட முக்கியம், சூப்பர்ஹீரோ படப் பைத்தியம். டீ-ஷர்ட், சாவிக்கொத்து, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் முகமூடியோடு நிற்பார். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எல்லோரும் எழுந்து போவார்கள். நான் மட்டும், கூட வந்தவர்களையும் கையைப் பிடித்து உட்கார வைத்து, கடைசியில் வரும் அந்தச் சின்னக் காட்சியையும் பார்த்துவிட்டுத்தான் வருவேன். “ஏட்டி, அவனே லைட்டப் போட்டுட்டான், எந்திரிட்டி” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். நாங்கள் திருச்செந்தூர் பக்கத்துக்காரர்கள். அப்பா இங்கே கயிறு, பெயின்ட் விற்கும் கடை வைத்து முப்பது வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை.

தெருவுக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. அதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தொழில்நுட்பக் குறிப்பு போடுவேன். போன் சூடானால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைக்காதீர்கள். அதிகம் போட்டது பேக்கப் பற்றித்தான். முக்கியமான எதற்கும் மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும் என்று தமிழில், ஆங்கிலத்தில், படம் வரைந்து எல்லாம் போட்டிருக்கிறேன். தெருவில் எனக்குப் பட்டப்பெயரே ‘பேக்கப்பு’தான். உள்ளூர எனக்கு அதில் பெருமை. ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கு வரும் அதே பெருமை.

அந்தச் சனிக்கிழமை, காலையிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நான் ஒரு வருஷமாகக் காத்திருந்த படம் வெளியாகியிருந்தது. மதியக் காட்சிக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். டீ-ஷர்ட் மாட்டி, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது கீழ்வீட்டு அண்ணன் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இத்த கொஞ்சம் பாரேன். புள்ளி எதுனா போட்டா ‘எடம் இல்ல’ன்னு காட்டிகினே கீது.”

படகிலிருந்து கழற்றி வந்த ஜிபிஎஸ் பெட்டி. தடைக்காலத்தில்தான் படகுக்குப் பெயின்ட் அடிப்பது, இன்ஜின் பார்ப்பது, இந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது எல்லாம் நடக்கும். ஒரு பழைய பேட்டரியில் கிளிப் போட்டு ஓட வைத்திருந்தார். ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கடலில் மீன் கூடும் பாறை எங்கே, வலையைக் கிழிக்கும் மூழ்கிய இரும்பு எங்கே என்று வருஷக்கணக்காகச் சேர்த்த புள்ளிகள் அதில் இருந்தன.

“வேண்டாததத் தூக்கிட்டு கொஞ்சம் எடம் பண்ணிக் குடும்மா. நான் ஒரு எட்டு போயி பெயின்ட் வாங்கியாந்துர்றேன்” என்று எங்கள் அப்பா கடைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பட்டியலைத் திறந்தேன். நூற்றுக்கணக்கில் புள்ளிகள். ஆங்கில எழுத்தில் ‘தங்கம் 1’, ‘தங்கம் 2’ என்று ஒரு கூட்டம். வேறு ஏதேதோ பெயர்கள். நடுவே, ‘குப்பை 1’ முதல் ‘குப்பை 41’ வரை. வேண்டாதது என்றால் இதைவிடத் தெளிவாக யார் எழுதி வைப்பார்கள்? எங்கள் ஆபீசில்கூட இத்தனை ஒழுங்காகப் பெயர் வைப்பதில்லையே என்று மனசுக்குள் பாராட்டினேன்.

அழிக்கும் முன் பிரதி எடுக்க நினைத்தேனா? நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். மெமரி கார்டு போடும் இடம் துருப்பிடித்து மூடிக் கிடந்தது. கார்டும் கையில் இல்லை. மாடிக்குப் போய்த் தேடினால் படத்தின் முதல் பத்து நிமிஷம் போய்விடும். குப்பைக்கு எதற்குப் பிரதி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாற்பத்தொன்றையும் அழித்தேன். தங்கத்தை மட்டும் வரிசைப்படுத்தி அழகாக மேலே வைத்தேன். அக்காவிடம் “ஆச்சுக்கா” என்று சொல்லிவிட்டு ஓடினேன். படம் பிரமாதம். கடைசிக் காட்சி வரை இருந்து பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா தோசைக்குக் கல் போட்டிருந்தாள். அண்ணன் மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். கையில் அந்தப் பெட்டி.

“தங்கச்சி, குப்பை எங்க?”

“அழிச்சிட்டேன்ணே. வேண்டாதத எடுக்கச் சொன்னீங்கள்ல?”

அவர் திட்டவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார். அவரிடம் வேலை செய்யும் டிரைவர் நாளைக்கே இன்னொரு படகுக்குப் போவான். போகும்போது நல்ல புள்ளிகளைக் குறித்துக்கொண்டு போய்விடுவான். அதனால் மீன் கூடும் இடத்துக்கெல்லாம் குப்பை என்று பெயர் வைத்திருந்தார்; அங்கே போகும்போது மட்டும் படகை அவரே ஓட்டுவார். யாராவது திருட நினைத்தால் தங்கத்தைத்தான் எடுப்பார்கள்.

“அந்தத் தங்கத்துல இன்னா கீது? வெறும் சேறு. வலய போட்டா ஒரு நண்டு கூட வராது.”

இருபது வருஷம் தேடிச் சேர்த்த இடங்கள்; கடைசி நாலு வருஷத்தில் புதிதாக ஒன்றுகூடச் சேரவில்லையாம். தடை முடிந்து போகும் முதல் பயணத்தில்தான் அந்த வருஷத்தின் நல்ல மீன். எல்லாப் படகும் வியாழக்கிழமை கிளம்புகிறது. இவருக்கு மட்டும் போக இடமில்லை.

“உங்களுக்கு ஞாபகம் இருக்காதாண்ணே?” என்று ஒரு நப்பாசையில் கேட்டேன்.

“தெரு தெரியும்மா. வூட்டு நம்பரு தெரியாதே. முப்பது அடி தள்ளி வலய எறக்குனா பாறைல மாட்டி அந்த வலையும் பூடும்.” முதல் இடம் ஒன்று மட்டும் அவருக்கு மனப்பாடம். மீதி நாற்பதும் பெட்டியை நம்பி விட்டது.

அன்று முழுக்கப் பெட்டியோடு மல்லுக்கட்டினேன். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளையெல்லாம் படித்தேன். அழித்தது அழித்ததுதான். படத்தில் என்றால் யாராவது காலத்தைப் பின்னோக்கித் திருப்பியிருப்பார்கள். திங்கட்கிழமை ஆபீஸ் நண்பர்கள் இருவரிடம் கேட்டேன். “பேக்கப் இல்லையா?” என்றான் ஒருவன். போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் சொல்லாததையெல்லாம் அக்கா சொன்னாள். “வாரா வாரம் பேக்கப்பு பேக்கப்புனு எங்க உசுர வாங்குனியே, ஒரே ஒரு தபா நீ எட்த்தியா?” என் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். “அடுத்தவ வீட்டு டப்பாவ உள்ள என்னன்னு கேக்காமலே கவுத்துட்டியேட்டி.”

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பு போடாமல் விட்டிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அதை எழுதினேன். ‘இந்த வாரக் குறிப்பு: கீழ்வீட்டு அண்ணன் என்னை நம்பிக் கொடுத்த பெட்டியில் இருந்ததை, பிரதி எடுக்காமல், அவரிடம் கேட்காமல், படத்துக்குப் போகும் அவசரத்தில் அழித்துவிட்டேன். இத்தனை நாள் உங்களுக்குப் புத்தி சொன்னதற்கு மன்னியுங்கள்.’ என்ன அழிந்தது என்று எழுதவில்லை, அது அவர் தொழில் ரகசியம். போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். தெருவே சிரிக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை. மதியம் கீழே போய் அண்ணனிடம் இன்னொரு முறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். அக்காவின் தம்பி. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

காரணம் இருக்கிறது. அவர் இந்த வீட்டுக்குள் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் அண்ணன் படகில் அவர்தான் டிரைவர், வீட்டு ஆள் என்பதால் குப்பையின் ரகசியமும் தெரியும். தனியாகப் படகு வாங்கிப் போனபின், அண்ணனின் இடம் ஒன்றில் அவர் படகு நிற்பதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். புள்ளியைத் திருடிவிட்டான் என்று அண்ணன், திருடவில்லை என்று அவர். மாதா கோயிலில் நின்று சத்தியமே செய்தார். அண்ணன் நம்பவில்லை. அவர் வீடு எங்கள் தெருக்கோடியில்தான், ஆனாலும் நல்லது கெட்டது எதற்கும் போக்குவரத்து இல்லை. தம்பி மகள் பிறந்தநாளுக்கு அக்கா போனில் வாழ்த்து சொல்லிவிட்டு அழுததை நானே பார்த்திருக்கிறேன்.

“இன்னா?” என்றார் அண்ணன், உட்கார்ந்தபடியே.

“குரூப்புல பாத்தேன் மாமா. இந்தப் பொண்ணு இன்னாத்த அழிச்சிதுன்னு போடல. ஒன் வூட்ல அழியறதுக்கு வேற இன்னா கீது?” என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துத் தரையில் வைத்தார். அட்டையில் பூனை பொம்மை ஸ்டிக்கர். “குப்பை ஒண்ணுலேந்து நாப்பத்தியொண்ணு வரைக்கும் எல்லாம் இதுல கீது.”

கரண்டியோடு வந்த அக்கா அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். ஏதாவது கைகலப்பு என்றால் நான் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ எட்த்தது நீதான்.”

“ஆமா.”

“மாதா கோயில்ல நின்னு சத்தியம் பண்ணியேடா.”

“பண்ணேன். அன்னிலேந்து அந்தக் கோயில் பக்கமே தல காட்டல மாமா. பூசைக்கு திருவொத்தியூர் வரைக்கும் பஸ்ஸு புட்ச்சி போயிகினுகீறேன்.”

முதலில் சிரித்தது அக்காதான். சிரிப்பும் அழுகையுமாக அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. அந்த இடங்களுக்கு எத்தனை முறை போனாய் என்று கேட்டார்.

“ரெண்டே தபா. நீ வந்துருவியோன்னு மெர்சலாவே இருந்துச்சு. ஒயுங்கா வலகூட எறக்கல.” தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒத்துகினா ஒன் வூட்டுக்குள்ள வர முடியாதுனு பயந்துதான் சத்தியம் பண்ணேன். ஒத்துக்காமயும் வர முடியல.”

அண்ணன் நோட்டை எடுத்துப் புரட்டினார். முதல் வரியில் விரலை வைத்து, மனப்பாடமாக இருந்த அந்த ஒரே எண்ணை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, அட்ச்சி ஏத்து.”

அவர் மச்சானை மன்னித்தது அந்த வார்த்தையில்தான் என்று எனக்குப் புரிந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

தம்பி வாசிக்க, அண்ணன் சரிபார்க்க, நான் அந்தத் தேய்ந்த பொத்தான்களை அழுத்தி அழுத்தி ஏற்றினேன். விரல் வலித்தது. பதினேழாவது இடத்தில் ஒரு எண் ஏழா ஒன்றா என்று இருவருக்கும் சண்டை வந்தது. மூன்று வருஷம் பேசாமல் இருந்தவர்கள் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல் கத்திக்கொண்டார்கள். அக்கா உள்ளே வஞ்சிரம் பொரிக்க ஆரம்பித்துவிட்டாள். நாற்பத்தொன்றை ஏற்றிவிட்டு, அப்பாடா என்று எழுந்தேன்.

“குந்தும்மா, இன்னும் முடியல” என்றார் தம்பி. ஊரையே உட்கார வைக்கும் என்னை ஒருவர் உட்கார வைத்தது அன்றைக்குத்தான். நோட்டின் பக்கத்தைத் திருப்பினார். அதில் இன்னும் இரண்டு எண்கள்.

அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். “எங்கிட்ட நாப்பத்தியொண்ணுதானே இருந்துச்சு?”

“அது ரெண்டும் நானா கண்டுபுட்ச்சது மாமா. வச்சிக்கோ.”

கடலில் பிழைப்பவர்களுக்கு இப்படி ஓர் இடத்தைக் கொடுப்பது என்றால் என்ன என்று, அண்ணன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எழுந்து போய் ஒரு தட்டைக் கழுவி எடுத்துவந்து மச்சான் முன்னால் வைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

வியாழக்கிழமை இரண்டு படகும் கிளம்பின. போன காரியம் நல்லபடியாகவே முடிந்தது என்று, எங்கள் வீட்டுக்கு வந்த மீனின் அளவே சொன்னது. பெட்டியில் கார்டு போடும் இடத்தின் துருவைச் சுரண்டிச் சரிசெய்து, மெமரி கார்டில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று காகிதத்தில், மாதா படத்துக்குப் பின்னால். மூன்றாவது வேறு வீட்டில் இருக்க வேண்டுமே என்று நான் இழுத்தபோது, “அதான் திருடன்கிட்ட பத்ரமா கீதே” என்றார் அண்ணன். தம்பி இப்போது ராயபுரத்திலேயே பூசைக்குப் போகிறார். இடங்களுக்கும் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

ஆபீசில் இன்றைக்கும் ‘வேண்டாதது’ என்று ஒரு கோப்பைப் பார்த்தால், வைத்தவர் யார் என்று தேடிப் போய்க் கேட்கிறேன். அதோடு, சின்னச் சண்டையில் யாரோடாவது பேச்சை நிறுத்திவிடலாமா என்று தோன்றும்போதெல்லாம் அந்தப் பூனை ஸ்டிக்கர் நோட்டு ஞாபகத்துக்கு வருகிறது. நாம் தொலைத்ததன் ஒரே பிரதி அவர்கள் வீட்டில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்து, நானே முதலில் போனை எடுத்துவிடுகிறேன்.