தேர்ச்சில்லின் பட்டையும் மிஸ்ஸியின் துவிச்சக்கர வண்டியும்

ஐயா, அம்மணி,

காகிதங்கள் காற்றில் பறந்துவிடாதிருக்க என் எழுதுமேசையின் மீது ஒரு சாண் நீள இரும்புத் துண்டை வைத்திருக்கிறேன். தட்டையான பட்டை அது. மேசையில் வைத்தால் இரு முனைகள் மட்டுமே பலகையில் பொருந்தும். நடுப்பாகம் ஒரு நெல்மணி நுழையுமளவு எழும்பி நிற்கும். கொல்லன் எவ்வளவு அடித்தும் போகாத வளைவு. என்னைக் காண வருவோர் அதைக் கையிலெடுத்து இது என்னவென்று கேட்கத் தவறுவதில்லை. அம்மன் தேரின் சில்லைச் சுற்றியிருந்த இரும்பு என்று சொல்வேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு கவனமாக வைப்பவர்களும் உண்டு. தேரைவிட்டு இறங்கிய பிறகு அந்த இரும்பு செய்த ஊழியத்தைக் கேட்பவர்தாம் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால், எங்கள் பட்டணத்து மருத்துவிச்சி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாத்தளையிலிருந்து யட்டவத்த பக்கம் போகும் பாதையில் எங்கள் சிறு பட்டணம் இருக்கிறது. அதன் பெயரை எழுதுவதாக இல்லை. இதில் வரும் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே கடை நடத்துகிறார்கள். நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்திருந்த காலம். நான் அப்போது ஒரு பேக்கரியின் பாண்காரன். விடிந்ததும் பாண் பெட்டியைத் துவிச்சக்கர வண்டியின் பின்னே கட்டிக்கொண்டு புறப்படுவேன். பாண் சுற்றுவதற்கு வந்த பழைய பத்திரிகைகளே எனக்குப் பாடப் புத்தகங்களாயிருந்தன. ஆதலின் என் நடையில் குறை காணின் பொறுத்தருள்க. என்னைப் போலவே வண்டியில் திரிந்தவர்கள் இருவர். ஒருவர் நாங்கள் தபால் நானா என்றழைத்த முஸ்லிம் தபால்காரர். மற்றவர் அரசாங்க மருத்துவிச்சி. பட்டணத்தார் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி.

வெள்ளைச் சேலையும் கறுப்புப் பையும், வண்டியின் கைபிடியில் தொங்கும் குடையுமாக அவர் வருவதைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். சேலைத் தலைப்பு சில்லில் சிக்காதிருக்கப் பின்சில்லின் இருபுறமும் கயிற்றுவலை பின்னியிருப்பார். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களிலும் வயற்கரைக் குடிசைகளிலும் அவர் கையில் பிறந்த பிள்ளைகள் அநேகர். பத்தியம் சொல்லும்போது கண்டிப்பாகவும், சொல்லி முடித்தபின் கேலியாகவும் பேசுவார். "ஏன் தம்பி, உங்க பாணு இன்னைக்கு என் குடையைவிட கறுப்பா இருக்கு?" என்று ஒருமுறை கேட்டார். அன்றிலிருந்து கருகாத பாணாகப் பார்த்து அவருக்கென்று எடுத்து வைப்பது என் வழக்கமாயிற்று.

அக்காலத்தில் பட்டினசபையார் கடைவீதியின் ஓரத்து வடிகால்களான கான்களைப் புதிதாகக் கட்டுவித்தார்கள். மழைநீர் இறங்குவதற்கென்று ஆங்காங்கே இரும்புக் கம்பி மூடிகளைப் பதித்தார்கள். கட்டியவர் யாரோ, கம்பிகளைப் பாதையின் போக்கிலேயே நெடுகப் போட்டுவிட்டார். ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் இடையே துவிச்சக்கர வண்டியின் சில்லு அளவெடுத்தாற்போல இறங்கும். மூடி நீள்சதுரமானது, திருப்பிப் போடவும் வழியில்லை. வீதியோ குறுகல். பஸ் வந்தால் வண்டிக்காரர் ஓரம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும் இடத்தில் இந்த மூடி வாய் திறந்திருக்கும். தபால் நானா விழுந்தார். கடிதங்கள் கானில் மிதந்தன. நான் விழுந்தேன், பாண்கள் நாய்களுக்குப் போயின. மூன்றாவதாக மிஸ்ஸி விழுந்தார். அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

கட்டுப் போட்ட கையோடு அவர் பட்டினசபையின் தலைவரான தவிசாளர் ஐயாவைப் பார்க்கச் சென்றபோது துணைக்கு நாங்கள் இருவரும் போனோம். கொக்கோவும் மிளகும் வாங்கும் கடையொன்றுக்குச் சொந்தக்காரர் அவர். தராசுக்குப் பின்னால் இருந்தபடியே எங்களைப் பார்த்தார்.

"பொம்பள சைக்கிள் ஓடினா விழாம என்ன செய்யும் மிஸ்ஸி?"

"நான் சைக்கிள்ல இருந்து விழலீங்க ஐயா. உங்க கான்ல விழுந்தேன்."

கடையிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தவிசாளருக்கு அது பிடிக்கவில்லை. கான் புதியது, சபையிடம் வேறு இரும்பில்லை, பார்த்து ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கையெலும்பு கூடிய பின்னரும் மிஸ்ஸிக்கு வீதியில் ஏறி ஓடும் துணிவு திரும்பவில்லை. கடைவீதியின் தொடக்கத்தில் இறங்கி, முடியும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். ஒருநாள் ஒரு லயத்துக்கு அவர் போய்ச் சேருமுன் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் சேயும் சுகமாகவே இருந்தார்கள். ஆயினும் அவர் அதை மறக்கவில்லை. "பிள்ளை எனக்காகக் காத்திருக்குமா தம்பி?" என்று என்னிடம் கேட்டபோது அவர் முகத்தில் கேலியில்லை. செய்தி மாத்தளை அலுவலகத்துக்கும் எட்டியது. அங்கிருந்த மேலதிகாரியான பெரிய மிஸ்ஸி நேரில் வந்து பார்ப்பதாகவும், வண்டியோட முடியாத மருத்துவிச்சியை ஆசுபத்திரி வார்ட்டுக்கு மாற்றிவிட்டு வேறொருவரை அனுப்புவதாகவும் தகவல் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை எடுப்பதே தம் வாழ்வென்று இருந்தவருக்கு, சுவருக்குள் இருப்பது பெருந்தண்டனையாகத் தோன்றியது.

நாங்கள் மூவரும், பால்காரர், தையற்கடைக்காரர் என வண்டி வைத்திருந்த இன்னும் சிலரும் கூடிப் பேசினோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. ஊரார்தாம் எங்களைச் சில்லுச் சங்கம் என்று பரிகசித்தார்கள். பள்ளிக்கூடம் விடும் வேளையில் முறை வைத்து மூடிகளின் அருகே நின்று பிள்ளைகளை நடுவே போகச் சொன்னோம். ஒரு சந்தை நாளில் எல்லோரும் வண்டியைவிட்டு இறங்கி, வீதியின் நடுவே ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு போனோம். பின்னால் வந்த பஸ்காரர் விடாது ஹோர்ன் அடித்தார். பொலிஸ் ராலஹாமி ஓடிவந்து ஏறிப் போகும்படி அதட்டினார். "ஏறினா கான்ல போவேன், இறங்கினா உங்ககிட்ட ஏச்சு வாங்குவேன். கானுக்கு நீங்களே மேல்" என்றார் தபால் நானா. ராலஹாமியும் வண்டியில் வருபவர்தாம். முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டு பஸ்ஸை நிறுத்தி எங்களுக்கு வழி விட்டார். ஆனால் மூடிகள் அப்படியே இருந்தன.

மாசி மாதம் அம்மன் தேர் வந்தது. தேரின் பாரத்தில் கம்பி மூடிகள் வளைந்துவிடாதிருக்க, தேர் போகும் வீதியெங்கும் சபையார் அவற்றின் மேல் தடித்த பலகைகளை இறுக்கி வைத்தார்கள். தேர் நிலைக்கு வந்ததும் சபைத் தொழிலாளிகள் பலகைகளை எடுக்க வந்தார்கள். மிஸ்ஸி அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றார். அவர்களில் ஒருவருடைய பிள்ளைகள் எல்லாம் மிஸ்ஸியின் கையில் பிறந்தவர்கள். பலகைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அந்தச் சில வாரங்கள் எங்களுக்கு ராச வாழ்க்கை. மிஸ்ஸி விழுந்தபின் முதல்முறையாக வீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இறங்காமல் ஓடினார். பலகை மேல் சில்லு ஏறும்போதெல்லாம் எழும் 'தடக்' என்ற ஓசை எங்கள் காதுக்கு மேளமாயிருந்தது.

சில்லைப் பற்றியே நினைத்த எங்களுக்குத் தண்ணீரின் நினைவு வரவில்லை. பங்குனியில் ஒரு பிற்பகல் இடியோடு மழை கொட்டியது. இறங்க வழியில்லாத நீர் வீதியில் ஏறி, பள்ளமான இடத்தைத் தேடிக்கொண்டு போயிற்று. பட்டணத்தில் பள்ளமான இடம் மிஸ்ஸியின் கிளினிக். அன்று கிளினிக் நாள்.

நானும் தபால் நானாவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்காரும் வாங்குகளின் மேல் ஏறி நின்றார்கள். நிறை பார்க்கும் கூடை நீரில் மிதந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவில் நின்ற மிஸ்ஸி, ஒவ்வொரு பிள்ளையாக வாங்கிச் சன்னல் வழியே வெளியே நின்றவர்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸி, தண்ணிக்கும் போக வழி ஈக்கணும்னு நான் அன்னைக்கே செல்லல்லயா?" என்றார் நானா.

"நீங்க எங்க சொன்னீங்க நானா? பலகைல முதல்ல சைக்கிள் ஓடினதே நீங்கதான். பேசாம போய்க் கழட்டுங்க!"

மழையில் நனைந்தபடி பலகைகளைப் பெயர்த்தோம். ஊதிப்போன பலகை இலகுவில் வருமா? ஒன்று பெயர்ந்ததும் நீர் பேரொலியோடு உள்ளே பாய்ந்தது. குடையுடன் தவிசாளர் ஐயாவும் கிளினிக் சன்னலருகே வந்து சேர்ந்தார். வாங்கின் மேல் நின்றவர்களுள் அவருடைய மருமகளும், அவள் கையில் அவர் பேரனும் இருந்தார்கள்.

"பலகையை இப்பிடி விட்டது யாரு?" என்று இரைந்தார்.

"போட்டது நீங்க. எடுக்காம விட்டது நாங்க. பிழை எங்க மேலதான்" என்றார் மிஸ்ஸி. பேரனை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலும் சொன்னார்: "தேர் வருசத்துல ஒரு நாள் வருது, அதுக்குப் பலகை போடுறீங்க. மத்த நாள் பூரா நாங்கதானே ஐயா போறோம்."

தவிசாளர் பேரனை மார்போடு அணைத்துக்கொண்டார். பேரன் அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். பிறகு தணிந்த குரலில், கம்பிகளுக்குக் குறுக்கே இரண்டு மூன்று பட்டைகளை வைத்து ஆணியால் தறைந்தால் தண்ணீரும் போகும், சில்லும் இறங்காது என்று தமக்கும் தெரியும் என்றார். "ஆனா இரும்புக்கு எங்க போவேன் மிஸ்ஸி? மெய்யாவே சபைகிட்ட இல்ல." அது பொய்யான சாக்கன்று என்பது அவர் குரலிலேயே விளங்கியது.

இரும்பிருக்கும் இடம் மிஸ்ஸிக்குத் தெரிந்திருந்தது. கோயிலின் பின்புறத்தில், உளுத்துப்போன பழைய தேரின் சில்லுப் பட்டைகள் மதிலில் சாய்ந்து கிடந்தன. மறுநாளே தர்மகர்த்தாவிடம் போனோம். அவர் நெடுநேரம் தயங்கினார்.

"அம்மாவைச் சுமந்த இரும்பு. அதைக் கொண்டுபோய்க் கான் மேல போடுறதா?"

"ரோட்டுல ஓடின இரும்புதானே ஐயா" என்றார் மிஸ்ஸி. "அங்கயேதான் திரும்பிப் போவுது. அம்மா பெத்தவ. பிள்ளை பெறப்போற வீட்டுக்குப் போறவ விழாம இருக்கட்டும்னா வேணாம்னா சொல்லுவா?"

தர்மகர்த்தா பூசகரைப் பார்த்தார்; பூசகர் சந்நிதியைப் பார்த்தார். ஒரு தேங்காய் உடைத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள்.

கொல்லர் பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி அடித்து நிமிர்த்தினார். ஆயினும் அத்தனை காலம் வட்டமாயிருந்த இரும்பு முற்றிலும் நேராகவில்லை. வளைவு மேல்நோக்கி இருக்கும்படி ஒவ்வொரு மூடியின் குறுக்கேயும் வைத்துத் தறைந்தோம். தபால் நானா ஒவ்வொன்றின் மேலும் தம் வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்து, "இது பாஸ்" என்று பரீட்சை அதிகாரியைப் போலச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சில நாட்களில் மாத்தளையிலிருந்து பெரிய மிஸ்ஸி பஸ்ஸில் வந்து இறங்கினார். சந்தியில் நின்று பார்ப்பதாகவும், எங்கள் மிஸ்ஸி கடைவீதி முழுதும் ஓடித் திரும்ப வேண்டுமென்றும் சொன்னார். வேலையிருப்பதாகச் சொல்லிக்கொண்டு பாதிப் பட்டணம் வெளியே நின்றது. மிஸ்ஸி ஏறினார். முறிந்து கூடிய வலது கையால் கைபிடியை இறுகப் பற்றிக்கொண்டார். பாதி வீதி கடந்தபோது எதிரே பஸ் வந்தது. அவர் ஓரம் ஒதுங்கினார். மூடி எதிரே கிடந்தது. அவர் இறங்கவில்லை. சில்லு 'கடகட' என்று பட்டைகளின் மேலேறி அப்பால் போயிற்று. உடனே அவர் மணியை நெடுநேரம் அடித்த அடியில், கடைக்குள்ளிருந்தவர்களும் வெளியே வந்துவிட்டார்கள். தராசை விட்டுவிட்டுத் தவிசாளர் ஐயாவும் வாசலில் நின்று தலையசைத்தார்.

வீதியின் முடிவில் அவருக்காக ஒரு தோட்டத்து ஆள் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார். மிஸ்ஸி காலூன்றி அவர் சொன்னதைக் கேட்டார். திரும்பாமலே யட்டவத்த பாதையில் ஓடி மறைந்தார். பெரிய மிஸ்ஸி திகைத்து, "எங்க போறாங்க? திரும்பி வரணும்னுல்ல சொன்னேன்?" என்றார்.

"பிள்ளை பொறக்கப் போகுது மிஸ்ஸி" என்றார் தபால் நானா. "நீங்க வாங்க, டீ குடிங்க."

அன்று பிறந்தது பெண் குழந்தை. அது பிறக்கும்போது மிஸ்ஸி அங்கே இருந்தார். மாற்றல் கடிதம் வரவேயில்லை. தலை நரைத்து ஓய்வு பெறும் வரையிலும் அவர் அந்த வீதியில் ஓடினார். ஒவ்வொரு மூடியைக் கடக்கும்போதும் ஒருமுறை மணியடிப்பார். அம்மனுக்கா, எங்களுக்கா என்று கேட்டால், "ரெண்டு பேருக்கும்" என்பார்.

இன்று அவர் இல்லை. தபால் நானாவும் இல்லை. வீதி அகன்றுவிட்டது. முச்சக்கர வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்து ஓடுகின்றன. கான்களைக் கொங்கிறீட்டுப் பலகையால் மூடியபோது பழைய மூடிகளைப் பெயர்த்து லொறியில் ஏற்றினார்கள். நான் கேட்டதன் பேரில் ஒரு தொழிலாளி ஒரு பட்டையை அறுத்துக் கொடுத்தார். எண்ணற்ற சில்லுகள் ஏறிப்போன மேற்புறம் கண்ணாடி போல் வழுவழுப்பாயிருக்கிறது. தேரின் கீழ் இருந்த காலத்தில் அது இவ்வளவு மினுங்கியிராது என்பது என் எண்ணம். காலையில் மேசைமுன் அமரும்போது அதன் மேல் விரலை ஓட்டிப் பார்ப்பேன், மனம் நிறைந்துவிடும்.

ஐயா, அம்மணி, எனக்குப் பின் இந்த இரும்புத் துண்டு யார் கைக்குப் போகுமோ அறியேன். அது போகுமிடத்துக்கே இந்தக் குறிப்பும் போக வேண்டுமென்று விரும்புகிறேன். இரண்டையும் பிரிக்காமல் ஓரிடத்தில் வைத்திருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.