ஒன்று ஐம்பத்திரண்டுக்கு அணைந்த லேப்டாப்

பூர்ணிமா இதுவரை வென்றவை இவை. எட்டாம் வகுப்பில் மஞ்சள் காமாலையோடு போய் எழுதிய கணக்குப் பரீட்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று வந்தது. போன ஒன்பதில் நாலு, வாத்தியார் கூட்டலில் விட்டது. பிளஸ் டூ முடித்த கையோடு வந்த மூன்று வரன்கள். மூன்றுக்கும் அவளே டீ கொடுத்து அவளே திருப்பி அனுப்பினாள். ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் பசை ஒட்டும் மேஜையில் ஒன்பது வருடம். அந்த வாசனையில் இழுப்பு வந்து நின்றுபோனவர்கள் உண்டு, அவளுக்கும் வந்தது, இன்ஹேலரை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நின்றாள். சாயங்கால வகுப்பில் படித்து வாங்கிய பேட்டர்ன் டிசைன் சர்டிபிகேட். வகுப்பில் ஆண்கள் இருபத்தாறு பேர், பெண் அவள் ஒருத்தி. கடைசியாக, பள்ளிக்கூடத்தில் கொடுத்த, பன்னிரண்டு வயதான ஒரு லேப்டாப்.

முதல் நான்கையும் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஐந்தாவதை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர் அவளுடைய அண்ணன் ராஜவேலு ஒருவர்தான். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கூச்சம் வரும், அவ்வளவே.

போன வருடம் மே மாதம், பூர்ணிமாவின் ஃபேக்டரியிலேயே பேட்டர்ன் ரூமில் ஓர் இடம் காலியானது. ஷூவின் ஒவ்வொரு துண்டும் என்ன வடிவத்தில், என்ன அளவில் வெட்டப்பட வேண்டும் என்று வரைந்து கொடுக்கிற அறை அது. ஏசி உண்டு, கண்ணாடிக் கதவு உண்டு, பசை வாசனை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. நெஞ்சு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "பசை மேஜையை விடுங்க, இல்லன்னா மூச்சு உங்கள விட்டுடும்." பேட்டர்ன் ரூமில் இருப்பவர்கள் எல்லோரும் முப்பது வயதுக்காரர்கள். இந்த இடம் போனால் அடுத்த இடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பரீட்சை மே இருபத்திரண்டு, வியாழக்கிழமை. வீட்டிலேயே, கேமரா முன்னால், தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். பரீட்சைக்கான ஆப்பைப் போட்டதும் அது ஒரே வரியில் சொல்லிவிட்டது: முதலில் கம்ப்யூட்டரைப் புதுப்பித்துக்கொண்டு வா.

அந்த லேப்டாப்பின் நிலைமை இது. இரண்டு பட்டன்கள் இல்லை. பேட்டரி செத்து நாலு வருடம், வயரில் மட்டும்தான் உயிர். வரைகிற ஆப்பைத் திறந்தால் மூன்றாவது கோடு போடும்போது தானே மூடிக்கொள்ளும். அப்டேட் போட்டால் நூற்றுக்கு அறுபது வரை போகும், அதோடு சரி. மறுபடி ஆன் செய்தால், நடந்ததையெல்லாம் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு மணி நேரம் சுற்றும். திரும்பப் பெற்ற குப்பையெல்லாம் உள்ளேயே தங்கிக்கொள்ளும். இடம் இல்லாமல் மற்ற ஆப்களும் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழும்.

வைஃபை பக்கத்து வீட்டு ரஃபத் ஜஹானுடையது. பாஸ்வேர்டை அவரே சுவருக்கு மேலாகச் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலமானால் அவர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரும் அதில் தொங்குவார்கள், நம்பர் நகரவே நகராது. ராத்திரி அவர் அதை அணைத்துவிடுவார், பிள்ளைகள் விளையாடப் போகும் பகலில்தான் காலி. அதனால் பூர்ணிமா காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அப்டேட்டை ஓடவிட்டு, சுவிட்ச் மேல் 'அணைக்காதே' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போவாள்.

ராஜவேலு அந்தச் சீட்டைக் கோவில் அறிவிப்புப் போல மதித்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்றாலும் எழுதியிருப்பதை எழுதியபடி செய்கிற மனிதர். தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம். அங்கே ஒரு சட்டம் உண்டு: முடிந்த தோலைத் திறந்து போட்டுவிட்டு யாரும் சாப்பிடப் போகக் கூடாது. ஒருமுறை யாரோ மூடாமல் போன வெள்ளைத் தோல் அடுக்கின் மேல் ஒரு பல்லி நடந்துவிட்டுப் போனது. வெளிநாட்டு வியாபாரி அந்த அடுக்கு மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். அன்றிலிருந்து சாப்பாட்டுச் சங்கு ஊதினால் ராஜவேலு முதலில் மஞ்சள் ஃபிளானல் துணியை எடுப்பார், பிறகுதான் கை கழுவுவார்.

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிடுவார். மனைவி தீபலட்சுமி ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை முடித்து வர இரண்டேகால் ஆகும். ஒன்று முப்பத்தைந்துக்கு ராஜவேலு மறுபடி கிளம்புவார். அப்போது மேஜைமேல் லேப்டாப் ஆவென்று திறந்து கிடக்கும். மேலே சீலிங்கில் பல்லி. அதைப் பார்த்துவிட்டு அப்படியே போக அவருக்குக் கால் வராது. திரையை மெதுவாகச் சாய்த்து மூடுவார். வீட்டிலும் வைத்திருந்த அதே மாதிரி மஞ்சள் ஃபிளானலால் நான்கு பக்கமும் மடித்துச் சுற்றி, முனையை அடியில் செருகுவார். சுவிட்ச்சைத் தொடமாட்டார். சீட்டு இருக்கிறதே. பிறகு வரும் தீபலட்சுமி, துணியைப் பூர்ணிமாதான் சுற்றினாள் என்று நினைத்துத் தொடாமல் விடுவாள்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வந்ததும் துணியைப் பிரித்து, திரையை எவ்வளவு சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் நிறுத்துவார். தங்கை வைத்த பொருள் இம்மியும் நகர்ந்திருக்கக் கூடாது என்று மேஜையில் அதன் நாலு மூலைக்கும் சாக்பீஸால் அடையாளம் போட்டிருந்தார். பூர்ணிமா அதைப் பார்த்து, எறும்புக்கு அண்ணி போட்ட சாக்பீஸ் என்று நினைத்துக்கொண்டாள். ஆறரைக்கு அவள் வரும்போது லேப்டாப் திறந்தபடி, அணைந்தபடி இருக்கும்.

மூன்று நாள் அப்படியே ஆனதும் அண்ணனும் தங்கையும் பஜாரில் முஜாஹித் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முஜாஹித் பார்த்துவிட்டு, "அண்ணா, வயசானவருக்கு ஒரே நாள்ல பத்து ஊசி போட்டா இன்னா ஆவும்? அதான் இது" என்றான்.

"வயசு இன்னா பாய் பெரிய வயசு? பன்னெண்டுதான ஆவுது."

"மனுசனுக்குப் பன்னெண்டுண்ணா. இதுக்கு எழுபத்தஞ்சு. இத ஜாஸ்தி பேஜார் பண்ணாதீங்க, வுட்ருங்க."

"வியாழக்கிழம வரைக்கும் வுட முடியாது பாய்" என்றாள் பூர்ணிமா.

முஜாஹித் அடிப்பக்கத்தைக் கழற்றி, காற்றாடியைச் சுத்தம் செய்தான். பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னாம்மா இது? மஞ்ச மஞ்சளா பஞ்சு வருது. கோழி கீழி வளர்க்கிறீங்களா?"

"தூசி பாய்" என்றார் ராஜவேலு, மிகுந்த கவலையோடு. "எங்க பக்கம் தூசி ஜாஸ்தி."

வழியெல்லாம் அவருக்கு அதே யோசனை. இவ்வளவு மூடியும் உள்ளே தூசி போயிருக்கிறது என்றால் மூடியது போதவில்லை. மறுநாளிலிருந்து ஃபிளானலை இரட்டையாக மடித்துச் சுற்றினார்.

லேப்டாப் அதற்கு முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது.

பூர்ணிமா அழவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் நோட்டுப் புத்தகம் எடுப்பாள். கம்ப்யூட்டர் தான் எப்போது விழுந்தது என்று உள்ளே ஓர் இடத்தில் தானே குறித்து வைக்குமாம். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு அதைத் தேடிப் பிடித்தாள். திங்கட்கிழமை சாயங்காலம், பரீட்சைக்கு மூன்று நாள் இருக்க, அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்துப் படித்தாள்.

"பாய் கடைக்குப் போறதுக்கு முன்னாடி: ரெண்டு பத்து, ரெண்டு ஏழு, ரெண்டு பன்னெண்டு. போய்ட்டு வந்தப்புறம்: ஒன்னு அம்பத்திரண்டு, ஒன்னு அம்பத்தொன்னு, ஒன்னு அம்பத்திரண்டு. கரண்ட் போய் வந்தா இப்டி வராது. சூடாயி அணைஞ்சதா காட்டுது. யாரோ தெனமும் ஒரே நேரத்துல இன்னாவோ பண்றாங்க."

"என்னப் பாக்காத" என்றாள் தீபலட்சுமி. "நான் படியேறும்போதே ரெண்டேகால். அதுவும் ஆட்டோ கெடச்சா."

"நான் ஒன்னு முப்பத்தஞ்சுக்கே கெளம்பிடுவேன்" என்றார் ராஜவேலு. "சந்தேகம்னா வாட்ச்மேன் ரிஜிஸ்டரப் பாரு. ஒன்னு நாப்பத்திரண்டுன்னு இருக்கும். இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாளும் நாப்பத்திமூனு ஆனதில்ல."

"அதில்லண்ணா. நீ சுவிட்ச்சத் தொட்டியா?"

"சத்தியமா தொடல. நீதான் எழுதி ஒட்டியிருக்கியே."

அது முழு உண்மை. அவர் யோசித்துப் பார்த்து, "பூனையா இருக்கும். சூடுன்னா பூனை வந்து படுத்துக்கும்" என்றார்.

"ஒன்னு அம்பத்திரண்டுக்கா? பூனை கையில வாட்ச் கட்டியிருக்கா?" என்றாள் தீபலட்சுமி.

பூர்ணிமா அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். நோட்டை மூடினாள்.

செவ்வாய்க்கிழமை ராஜவேலு வழக்கம்போல வந்தார், சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது: ஐம்பத்தெட்டு. தொட்டுப் பார்த்தார், கொதித்தது. "பாவம்" என்றார். திரையைச் சாய்த்து மூடினார். ஃபிளானலை உதறி, இரட்டையாக மடித்து, குழந்தையைக் குளிப்பாட்டிச் சுற்றுவது போலச் சுற்றி, முனையைச் செருகி, தட்டிக் கொடுத்தார்.

"அண்ணா!"

ராஜவேலு துள்ளி விழுந்தார். சமையலறை வாசலில் பூர்ணிமா நின்றாள், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பின்பக்கமாக வந்திருந்தாள்.

"நீ எப்ப வந்த? ஒடம்பு சரியில்லையா?"

அவள் பாய்ந்து வந்து துணியைப் பிடுங்கினாள், திரையைத் திறந்தாள். கருப்பு. பிறகு வட்டம் வந்தது. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

"தெனமும் இத பண்ணியா?"

"தூசி விழுமேன்னு... பல்லி வேற..."

"அண்ணா, இது மூச்சு விடுற ஓட்ட இந்தப் பக்கம் இருக்கு. நீ கம்பளி போத்தி மூக்கப் பொத்தியிருக்க."

ராஜவேலு அந்த ஓட்டையைக் குனிந்து பார்த்தார். சூடான காற்று முகத்தில் அடித்தது. ஒட்டிக்கொண்டிருந்த ஒரு மஞ்சள் இழையை விரலால் எடுத்தார். அதைப் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சுவிட்ச்ச மட்டும்தான் தொடாதன்னு எழுதியிருந்த" என்றார், ரொம்ப மெல்ல.

பூர்ணிமாவுக்குக் கத்தத்தான் வாய் வந்தது. வெளியே வந்தது சிரிப்பு. சிரித்துச் சிரித்து இழுப்பு வந்துவிட்டது. ராஜவேலு எழுந்து ஓடி, அவள் ஏப்ரன் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார்.

"கெளம்புண்ணா. மணி ஆவுது, ஒன்னு நாப்பது."

அவர் கிளம்பவில்லை. டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து லேப்டாப்புக்கு நேராக வைத்தார். வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, "டேனியல், நான் இன்னைக்கு மத்தியானம் வரல" என்றார். அந்தப் பக்கம் டேனியல் பேனாவைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. பிறகு, "யாருக்கு இன்னா ஆச்சு அண்ணா?" என்று பதறிக் கேட்டார்.

"யாருக்கும் ஒன்னும் ஆவல. அறுவத்திமூனு ஆயிருக்கு" என்றார் ராஜவேலு.

அறுபத்தேழில் இருபது நிமிடம் நின்றது. பூர்ணிமா நகம் கடித்தாள். எழுபத்தெட்டில் தீபலட்சுமி வந்து, கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு, எல்லோருக்கும் டீ போட்டாள். தொண்ணூற்றாறில் சுவருக்கு மேலே ரஃபத் ஜஹான், "இன்னா சத்தமே இல்ல, எல்லாரும் வூட்லதான இருக்கீங்க?" என்று கேட்டார். "பசங்க வெளையாடிட்டு வந்ததும் அர மணி நேரம் நெட் போடாம புடிச்சி வைங்கக்கா" என்று பூர்ணிமா கத்தினாள். அவர் காரணம் கேட்காமலே பிடித்து வைத்தார். நாலு ஐம்பதுக்கு நூறு ஆனது.

அன்று ராத்திரிக்குள் பூர்ணிமா உள்ளே கிடந்த அரைகுறைக் குப்பையை எல்லாம் அழித்தாள். வரைகிற ஆப்பைத் திறந்து பதினேழு கோடு போட்டாள், மூடிக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை அவள் பரீட்சை எழுதிய இரண்டு மணி நேரமும் ராஜவேலு வாசலில் நின்று, தெருவில் ஹார்ன் அடித்தவர்களை எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். எழுதியவர்கள் முப்பத்தொரு பேர். பூர்ணிமா இரண்டாவது. முதலாவது வந்தவர் ராணிப்பேட்டையில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடம் பூர்ணிமாவுக்கு வந்தது. அப்படிக் கிடைத்ததும் கிடைத்ததுதான்.

ஒன்பது வருடம் அவள் வேலைக்கு வந்ததற்குச் சாட்சி வாசலில் இருக்கும் மெஷினில் வைத்த கட்டைவிரல் மட்டும். அவள் ஒட்டிய ஷூக்களில் எதிலும் அவள் பேர் கிடையாது. பேட்டர்ன் ரூமில் அப்படியில்லை. ஒவ்வொரு அட்டை வடிவத்தின் மூலையிலும் 'தயாரித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கையெழுத்து இல்லாத அட்டை கட்டிங்குக்குப் போகாது.

அவள் தனியாக முடித்த முதல் அட்டை, ஒரு பள்ளிக்கூட ஷூவின் முன்பக்கம், ஆறாம் சைஸ். சாயங்காலம் அதைச் சொன்னதும் ராஜவேலு கேட்டார்:

"முழுப் பேரா போட்டியா, சுருக்கியா?"

"முழுசாதாண்ணா."

"அப்பா இனிஷியல்?"

"போட்டேன்."

"கீழ தேதி?"

"அதுவும் போட்டேன். இன்னைக்குத் தேதி."

ராஜவேலு தன் பாக்கெட் டைரியை எடுத்து, பேனாவை உதறி, அதைத் தெளிவாக எழுதிவைத்தார்: 16.06.2025, திங்கட்கிழமை.