பல்கனியில் மூன்று கஞ்சாச் செடிகள்

என் கணவருக்கு எம்.எஸ். என்ற நரம்பு நோய். ஜெர்மனியின் ஹம் நகரத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தவருக்கு ஒருநாள் வலது கால் மரத்துப்போனது. அதோடு வேலை நின்றது. வருடங்கள் போகப் போக, மரத்துப்போவதைவிடப் பெரிய தொல்லையாகத் தசை இழுப்பு வந்து சேர்ந்தது. கெண்டைச்சதை கல்லாக இறுகும். முழங்கால் தானாக மடங்கும். நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்பவள். பகல் முழுக்க மற்றவர்களின் கை கால்களைத் தூக்கிவிட்டு வந்து, வீட்டில் அவருடைய காலைப் பிடித்து நிமிர்த்துவேன். மருந்துகள் இழுப்பைக் கொஞ்சம் குறைத்தன. ஆனால் ஆளை ஈரத்துணி போலத் துவளவைத்தன.

2024 ஏப்ரலில் சட்டம் மாறியது. வயதுவந்த ஒருவர் தன் பாவனைக்கு வீட்டிலேயே மூன்று கஞ்சாச் செடிகள் வளர்க்கலாம் என்றார்கள். வேலையிடத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இழுப்புக்குக் கஞ்சா கேட்கும் என்று எங்கள் இல்லத்து நோயாளி ஒருவரின் மகன் முன்பே சொல்லியிருந்தார். நேரே குடும்ப வைத்தியரிடம் போய்க் கேட்டேன். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, மற்ற மருந்துகளை நிறுத்தாமல் மிகக் கொஞ்சமாகத் தொடங்குங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து, செடி வளர்ப்போம் என்று சொன்னபோது கணவர் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“உமக்கென்ன விசரே?”

“செடி உங்கடை. தண்ணி ஊத்திறது மட்டும் நான்.”

வங்கியில் வேலை செய்யும் எங்கள் மகளுக்கு அது பிடிக்கவில்லை. “அம்மா, கோயிலிலை ஆக்கள் என்ன கதைப்பினம்?” என்றாள்.

“கதைக்கிற ஆக்கள் வந்து அப்பான்ரை காலைப் பிடிச்சு விடுவினமோ?” என்று கேட்டேன்.

விதைகளைத் தபாலில் எடுப்பித்து, குசினி ஜன்னலோரம் முளைக்கவைத்தேன். மே மாதத்துக் கடைசிப் பனி கழிந்ததும் தொட்டிகளைப் பல்கனிக்கு மாற்றினேன். மற்றவர்கள் கை படக்கூடாது என்பதால் பல்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். ஆடி மாதத்தில் செடிகள் என் தோளைத் தாண்டின. ஆனால் பூக்கத் தொடங்க அவற்றுக்குப் பகல் குறுக வேண்டும். இங்கே பகல் குறுகும்போது மழையும் குளிரும் கூடவே வந்துவிடும். செப்டம்பர் முழுக்கத் தூறல். அக்டோபரில் ஒரு பூங்கொத்தை விரித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சணம். அடுத்ததிலும் அதே. நோயோடு இருக்கும் வருத்தக்காரனுக்குப் பூஞ்சணம் பிடித்ததைக் கொடுக்க முடியுமா? எல்லாவற்றையும் வெட்டிக் கறுப்புப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். படியேறி வந்தபோது கைகளில் இன்னும் அந்த மணம் இருந்தது. கதவடியில் நின்று கொஞ்சநேரம் அழுதேன்.

“காணும், விடும். இந்தக் குளிருக்கை இது ஏலாது,” என்றார் கணவர்.

“ஏலும். பிழையான இனத்தை வைச்சிட்டன்.”

அந்தக் குளிர்காலம் முழுக்க விசாரித்தேன். பகல் குறுகுவதற்குக் காத்திராமல், வயது வந்ததும் தானாகவே பூக்கும் குட்டை இனம் ஒன்று இருந்தது. கோடை முடியும் முன்பே அறுத்துவிடலாம். அடுத்த வருடம் அதைத்தான் வைத்தேன். தொட்டிகளுக்கு மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரை ஒன்று அடித்தேன். மழை பெய்த காலைகளில், வேலைக்குப் போகுமுன் கொப்புகளை மெல்ல உலுப்பி நீரை உதிர்த்தேன். ஜூலை மாதத்தில் பூத்தன. அத்தோடு மணமும் எழும்பியது.

ஒருநாள் மாலை கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா மணியடித்தார். தனியாக வாழ்பவர், படிக்கட்டில் செருப்பு வைத்தாலே முறைப்பாடு செய்பவர். உங்கள் பல்கனியிலிருந்து என்ன மணக்கிறது என்று கேட்டார். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. கஞ்சா, என் கணவரின் காலுக்கு, சட்டப்படிதான் என்றேன். அவர் தன் வீங்கிய விரல்களைப் பார்த்தார்.

“என்னுடைய மூட்டுக்கும் கேட்குமா? கொஞ்சம் தருவீர்களா?”

“வைத்தியரைக் கேளுங்கள். என்னால் தர முடியாது. பிறருக்குக் கொடுப்பதற்கு அனுமதி இல்லை.”

முகம் சிவந்து திரும்பிப் போனார். பொலிசுக்குச் சொல்வார் என்று கணவர் பயந்தார். “வரட்டும். மூண்டு செடிதானே, எண்ணிப் பாக்கட்டும்,” என்றேன். ஒருவரும் வரவில்லை.

ஓகஸ்ட்டில் அறுத்தேன். ஒரு பூங்கொத்தில்கூடப் பூஞ்சணம் இல்லை. சாமான் அறையில் தலைகீழாகக் கட்டிக் காயவைத்து, போத்தல்களில் அடைத்து அலுமாரியில் பூட்டினேன். கொஞ்சத்தை நெய்யில் மெதுவாகக் காய்ச்சி வடித்தேன். ஒரு ஞாயிறு மதியம், மகளும் வந்திருந்தபோது, பாலில் சில துளிகள் விட்டுக் கொடுத்தேன். சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மகள் அவருடைய காலில் கையை வைத்தபடி இருந்தாள்.

“அம்மா, தசை இறுகேல்லை,” என்றாள் பிறகு, தாழ்ந்த குரலில்.

“எனக்குப் பசிக்குது,” என்றார் அவர்.

நரம்பு வருத்தம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில நாட்களில் துளிகள் கேட்பதில்லை. ஊன்றுகோலும் போகவில்லை. ஆனால் பெரும்பாலான இரவுகளில் அவர் விடியும்வரை தூங்குகிறார், நானும் தூங்குகிறேன். இந்த வசந்தத்துக்கு வேண்டிய மண்மூட்டை ஏற்கனவே பல்கனியில் இருக்கிறது.