அம்சாவுக்குப் போட்ட மனு

நாங்கள் மேரியக்கா என்று கூப்பிட்ட அந்தோணிமேரி கிராம சேவிகையாகத் திண்டிவனம் பக்கம் வந்தது 1958இல். புகையில்லா அடுப்பு போடக் கற்றுத் தருவதுதான் அவருக்கு இட்ட வேலை. பெருமுக்கல் கிராமத்தில், மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலியால் கட்டியிருந்த அம்சாவைப் பார்த்த பிறகு அடுப்பில் அவருக்கு மனம் போகவில்லை. குழந்தை இறந்து பிறந்ததிலிருந்தே அம்சா இப்படித்தான் என்றார்கள்.

பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். யூனியன் ஆபீஸ் குமாஸ்தாவான நான்தான் மனு எழுதினேன்.

"யார் பேர்ல எழுதறது, அக்கா?"

"புருஷன் இருக்கச்சொல்ல வேற யாரு, தம்பி?"

அம்சாவின் அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரை நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் பாண்டுரங்கன் கைநாட்டு வைத்தார்.

இரண்டு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது: குணமாகிவிட்டது, அழைத்துப் போகலாம். அதற்குள் பாண்டுரங்கன் வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார்.

"கைநாட்டு வையின்னீங்க, வெச்சேன். இப்ப கூட்டியான்றீங்க. இவ மாசமா இருக்கா. ரெண்டு பேரையும் உங்க அடுப்பு மேலயா குந்தவெக்கறது?"

அண்ணன் வீட்டில் அண்ணிதான் பேசினாள். "அனுப்பறப்ப எங்கள யாரு கேட்டாங்க? கைநாட்டு வெச்சவரே போயி கூட்டியாரட்டும்."

தானே ஜாமீன் எழுதித் தருவதாக மேரியக்கா மாஜிஸ்திரேட்டிடம் போய் நின்றார். "நீங்க அவளுக்கு என்னம்மா உறவு?" என்றார் அவர். உறவில்லாதவரிடம் விட முடியாது என்று அனுப்பிவிட்டார்; அம்சா அங்கேயே இருந்தாள்.

அதன்பின் அதே ஊர்க் கோவிந்தம்மாள், சங்கிலியில் கட்டி வைத்திருந்த மகன் சின்னதுரையை ஆஸ்பத்திரியில் சேர்க்க மனு எழுதித்தரச் சொல்லி வந்தாள்.

"மனு வேணாம்மா. சங்கிலிய எட்த்துடு. தெனம் காலைல வர்றேன், அவனோட குந்திக்கினு மல்லாட்டை உரிக்கறேன்," என்றார் மேரியக்கா.

"மல்லாட்டை உரிச்சா பைத்தியம் தெளிஞ்சிடுமா? நல்லா கீதும்மா உங்க வைத்தியம்!"

தெளியவில்லைதான். சில நாள் அவரோடு உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பான். சில நாள் முறத்தைத் தூக்கி அடிப்பான். நெற்றியில் தையலோடு மறுநாளும் போனார் மேரியக்கா. ஆனால் அவன் வீட்டில் இருந்தான்.

மாதம் ஒருமுறை அம்சாவைப் பார்க்க மேரியக்கா பட்டணம் போவார். ஒரு தடவை நானும் போனேன். அம்சா தெளிவாகப் பேசினாள். புடவையை மூட்டை கட்டி மடியில் வைத்திருந்தாள்.

"அவருக்கு வேலயா இருக்கும். இல்லாங்காட்டி வந்திருப்பாரு, இல்லக்கா?"

"ஆமாடி," என்றார் மேரியக்கா. "மல்லாட்டை புடுங்கற நேரம்."

"ஆள் கெடைக்கறதே பேஜாரு," என்று தலையாட்டினாள் அம்சா. மூட்டையை மட்டும் மடியிலிருந்து இறக்கவில்லை.