கருவாட்டுக் கடைக்கு ஒரு சென்ட் போத்தல்

போன மாதம் ஒரு மாலை. மாத்தளை டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால் ஜவுபர் நானா. கையில் சென்ட் தெளித்த இரண்டு நீளமான வெள்ளைக் காகிதத் துண்டுகள்.

"தம்பி, இத மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன்.

"எப்படி?"

"நல்லாயிருக்கு நானா."

"இது?"

"இதுவும் நல்லாயிருக்கு."

"அட, ரெண்டும் நல்லாயிருந்தா நான் எத வாங்குறது?"

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மூக்கு வேலை செய்யாது. சைனஸ் முற்றிப்போன ஒரு காலத்தில் வாசனை போனது, போனது போனதுதான். மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்று. ஆகவே இந்தப் பத்தியில் வரும் வாசனைகள் எல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டவை. பத்திரிகைத் தொழிலில் இது ஒன்றும் புதிதல்ல.

"இடது கையில இருக்கிறது" என்றேன். அந்தச் சென்ட்டின் பெட்டியில் 'தினசரிப் பாவனைக்கு' என்று அச்சடித்திருந்தது. விலையும் குறைவு. என்னிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

"அத்தர் வச்சிருப்பீங்களே நானா?" என்று கேட்டேன்.

"அத்தர் ஜும்ஆவுக்கு. இது பஸ்ஸுக்கு."

நானாவுக்கு மாத்தளைச் சந்தைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை. வீடு பல்லேபொலவில். என் வீடும் அங்கேதான். காலையில் ஒரே பஸ்ஸில் டவுனுக்கு வருவோம். எவ்வளவு நெரிசல் என்றாலும் நானாவுக்குப் பக்கத்து சீட் மட்டும் காலியாக இருக்கும். அதில் நான் உட்காருவேன். பல வருஷமாக அது என் சீட். நானா அதை நட்பு என்று நினைத்திருக்கிறார். நட்பும்தான்... ஆனால் என் மூக்கைப் பற்றி அவரிடம் நான் சொன்னதில்லை.

அவருடைய மகள் ரிஸ்னாவும் இப்போது அதே பஸ்ஸில் வருகிறாள். டவுனில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் புதிதாக வேலை. ஆனால் வாப்பாவோடு உட்காருவதில்லை. டிரைவருக்குப் பின்னால், முன் சீட்டுக்குப் போய்விடுவாள். காரணத்தை நானா சூப்பர் மார்க்கெட் வாசலில் வைத்துச் சொன்னார்.

"கண்ணாடி மாட்டி அளவு பாக்குறதுன்னா மூஞ்சிக்குக் கிட்டத்தில போகணும் தம்பி. கண்ணாடி வாங்க வந்த ஒரு நோனா மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கா, இந்தப் புள்ளகிட்ட கருவாட்டு வாசம் வருதுன்னு. வேல இன்னும் நிரந்தரமாகல."

"ரிஸ்னா சொன்னாளா?"

"அவ சொல்வாளா? உம்மாகிட்ட அழுதிருக்கா. என்கிட்ட ஒண்ணுமில்ல... முன்னுக்குப் போய் உக்காந்துட்டா. அவ்வளவுதான்."

போத்தலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பை கனத்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

மறுநாள் காலை நானா ஏறியதும் பஸ்ஸில் தலைகள் திரும்பின. என்ன வாசனை என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன். ரிஸ்னா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று நாளில் முன் சீட்டிலிருந்து எங்களுக்கு முன்வரிசைக்கு வந்துவிட்டாள். திரும்பி உட்கார்ந்து வாப்பாவோடு பேசினாள். நானா அன்று டவுன் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை வந்தது.

நெத்தலி வாங்க நானாவின் கடைக்குப் போயிருந்தேன். மேரி அக்காவும் வந்திருந்தார். டவுனுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர். வாராவாரம் வந்து கருவாடு வாங்குகிறவர். கருவாடு வாங்க எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. வாலைக் கொஞ்சம் கிள்ளி, மூக்குக்குக் கிட்டப் பிடித்து, கண்ணை மூடுவார்கள். கண் திறக்கும்போது முகத்தில் தீர்ப்பு இருக்கும்.

மேரி அக்கா ஒரு கட்டாக் கருவாட்டைக் கிள்ளினார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மூடியிருந்தார்.

"என்னா நானா, கட்டாவுல மல்லியப்பூ வாசம் வருது?"

"அது கருவாடு இல்ல மேரி. நான் போட்டிருக்கிற சென்ட்டு."

"நீங்களா? இத்தன வருஷமா போடாத சென்ட்டு இப்ப எதுக்கு?"

"ஏன், நான் போடக்கூடாதா?"

"தாராளமா போடுங்க. மாப்பிள்ள மாதிரிதான் இருக்கீங்க. ஆனா கருவாடு விக்கிற ஆளு சென்ட்டு போட்டா, சரக்குல என்னமோ இருக்குன்னுதானே நெனைப்பாங்க?"

"அல்லாஹ்வே... நேத்து வந்த சரக்கு மேரி."

"இருக்கும். எனக்குத்தான் தெரிய மாட்டேங்குதே. எத மோந்தாலும் பூவா மணக்குது." கருவாட்டைத் திரும்ப வைத்தார். "இன்னைக்கு பருப்பு ஆக்கிக்கிறேன்."

நானா என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க மோந்து சொல்லுங்களேன், நல்ல சரக்குன்னு."

மோந்தேன். நல்ல சரக்கு என்றேன். மேரி அக்கா என்னை நம்பவில்லை. சரியான முடிவு.

தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று மேரி அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். "பக்கத்து வீட்டுப் புள்ளகிட்ட மட்டும்தான் சொன்னேன்." அடுத்த வாரம் நடுவில் செய்தி வளர்ந்து பஸ்ஸுக்கே வந்துவிட்டது. நானா பழைய கருவாட்டைச் சென்ட் தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறாராம்! இதை எனக்குச் சொன்னவர் கண்டக்டர். அவருக்குச் சொன்னவர் யார் என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க சேர்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். பேக்கரியில் பாண் மணக்க வேண்டும். மருந்துக் கடையில் மருந்து மணக்க வேண்டும். கருவாட்டுக் கடை நாறினால்தான் நாணயமான கடை. அங்கே நறுமணம் வீசினால் எதையோ மறைக்கிறார்கள். சனங்கள் அப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் எனக்கும் பிழை தெரியவில்லை.

கடையில் சாக்குகள் பிரிக்காமல் கிடந்தன. நானா ஒரு மாலை கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சென்ட்ட வுட்டா புள்ள முன்னுக்குப் போயிடுவா. போட்டா கட மூடணும். எத வுடுறது தம்பி?"

போத்தலைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதை நானா நினைவுபடுத்தவில்லை. பெரிய மனுஷன்.

மறுநாள் காலை நானா சென்ட் இல்லாமல் ஏறினார். ஜன்னல்கள் திறந்தன. ரிஸ்னா முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மேரி அக்கா கடைக்கு வந்தாராம். முதலில் நானாவை மோந்து பார்த்தார். பிறகு கருவாட்டை மோந்து பார்த்தார். கட்டா வாங்கினார், நெத்தலியும் வாங்கினார். இதைச் சொல்லும்போது நானா சிரித்தார். ஆனால் பார்வை முன் சீட்டில் இருந்தது.

இந்தத் திங்கட்கிழமை. பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் வந்திருக்கும். ரிஸ்னா முன் சீட்டிலிருந்து எழுந்து, கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். எனக்கு முன்னால் நின்றாள்.

"அங்கிள், கொஞ்சம் எழும்புறீங்களா?"

எழும்பினேன். என் சீட்டில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, அந்தப் போத்தலக் குடுங்க."

"எந்தப் போத்தல்?"

"சும்மா நடிக்காதீங்க. உம்மா எல்லாம் சொன்னாங்க. கட விஷயம், மேரி அக்கா விஷயம், எல்லாம்."

நானா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போடுவதைத்தான் விட்டிருந்தார், சுமப்பதை விடவில்லை.

"நீங்க அடிச்சா கருவாடு விக்காது. நான் அடிச்சா கண்ணாடி விக்கும்." போத்தலைத் தன் பேக்கில் போட்டுக்கொண்டாள். "இறங்கினதும் அடிச்சிக்கிறேன். முன்னுக்கு உக்காந்து என்ன பிரயோசனம்? ரெண்டு பேரு உடுப்பையும் உம்மா ஒண்ணாத்தானே கழுவுறாங்க."

நானா ஜன்னல் பக்கம் தள்ளி உட்கார்ந்து மகளுக்கு இடம் விட்டார். போதிய இடம் ஏற்கெனவே இருந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன். ரிஸ்னா விட்டுவந்த முன் சீட் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார். மெதுவாக மறுபக்கம் ஒதுங்கினார். ஜன்னலைத் திறந்தார்.

இத்தனை வருஷம் நானாவோடு ஒட்டி உட்கார்ந்து வந்தவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

தினசரிப் பாவனைக்கு ஏற்ற, விலை குறைந்த, நல்ல சென்ட் ஒன்றை மூக்குள்ள வாசகர்கள் எனக்குச் சொல்லலாம்.