மூன்றாம் முறையும் மேல்சரிவு

பால்பவுடர் டின்னுக்குள் கையை விட்டு நான் எடுத்த காகிதத்தில் 'மேல்சரிவு' என்று எழுதியிருந்தது. மூன்றாம் வருடமும் அதே சரிவு. திருவட்டாற்றிலிருந்து பஸ் ஏறிப் போகிற ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. யாருக்கு எந்த மரங்கள் என்பதை வருடத்துக்கு ஒருமுறை நறுக்குப் போட்டு, அதாவது சீட்டுக் குலுக்கி எடுத்து, முடிவு செய்வோம். சின்ன வயதில் காய்ச்சல் வந்து என் வலது கால் சூம்பிப்போயிருந்தது. சமதரை என்றால் சமாளித்துவிடுவேன். சரிவில், பால் நிறைந்த வாளியோடு இறங்கும்போது காலையே பார்த்துப் பார்த்து வைக்கிற ஒவ்வோர் அடியும் பயம்தான். முந்தின மழைக்காலத்தில் இரண்டு முறை உருண்டு விழுந்திருந்தேன். இன்னொரு முறை விழுந்தால் வேலையே போய்விடும்.

வாய் திறந்து கேட்கவும் வழியில்லை. நறுக்கைக் கொண்டுவந்ததே நான்தான். அதற்கு முன் கண்காணி தனக்கு வேண்டியவர்களுக்கே நல்ல மரங்களைக் கொடுப்பார். "நறுக்குக்குச் சொந்தமும் கெடையாது, பந்தமும் கெடையாது" என்று வீறாப்பாகச் சண்டைபோட்டு, டின்னையும் என் வீட்டிலிருந்தே எடுத்துவந்த மகராசி நான். என் வாயாலேயே மாட்டிக்கொண்டேன்.

என் அண்ணன் மனைவி, மைனி, அதே தோட்டத்தில்தான் வெட்டினாள். அவளுக்கு வந்தது கீழே சமதரை. தன் சீட்டை எனக்குத் தந்துவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், தந்தால் வாங்கக் கூடாது என்று ரோஷமும் பட்டுக்கொண்டேன். அவள் தரவில்லை. நேரே கண்காணியிடம் போனாள்.

"நறுக்கு அப்படியே இருக்கட்டு. ஆனா சரிவு மாசம் ஒருத்தருக்குன்னு மாறட்டு. மொத மாசம் நான் ஏறுதேன். ஏற முடியாதவள அதில சேக்கண்டாம்."

எங்களோடு பால் வெட்டுகிற ஒருவர் எகிறிக்கொண்டு வந்தார். கத்தியை ஆழமாகப் பாய்ச்சி மரத்தைப் புண்ணாக்கி, பாலைத் தானே குறைத்துக்கொள்வதில் பேர்போனவர்.

"எனக்கும் பால் கொறவுதான். எனக்கும் சலுகை தருவியளா?"

மைனி அவர் பக்கம் திரும்பினாள். "ஒனக்க கத்தி ஒனக்க கையில கெடக்கு மக்கா. அவளுக்க காலு அவ கேட்டு வாங்கினதா?"

நறுக்கு எல்லோரையும் ஒன்றுபோல நடத்தும் என்று நம்பியிருந்தேன். நடத்தியதும் உண்மைதான். ஆனால் அந்த டின்னருகே நாங்கள் ஒன்றுபோல வந்து நிற்கவில்லை. என் காலும் ஒரு நறுக்குதான், அதை எடுக்கும்போது எனக்கு மூன்று வயது. இத்தனை சண்டை போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை.

சரிவை மற்றவர்கள் மாதம் ஒருவராக வெட்டுவது, எனக்குச் சமதரை என்று முடிவாயிற்று. கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மைனியின் கையைப் பிடித்தேன்.

"ஏட்டி, நன்றி கின்றின்னு ஆரம்பிக்காத. பொறவு நாங்க ஒனக்குத் தர்மம் போட்டது மாதிரி ஆயிரும். போயி மரத்தப் பாரு."

இன்று நாங்கள் இருவருமே வேலையை விட்டுவிட்டோம். அங்கே சரிவு இப்போதும் மாதம் மாறித்தான் போகிறதாம். கேட்கும்போதெல்லாம் நிம்மதியாக இருக்கிறது. மைனிக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அவளிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. மறுநாள் சமதரையில், நிறைந்த வாளியோடு பாதித் தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன், காலைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன்.