கேட்காமல் செய்த உதவிக்குப் பத்து ரூபாய்

அன்று மதியம் லாத்தா வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகள், என் வீட்டுக்காரர், என் கூடப்பிறந்த மூத்தவளான லாத்தா, மச்சான், அவர்களுடைய மகளும் மகனும், துபாயிலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்த என் அண்ணன், அதாவது நானா, நானாவின் மனைவி. மொத்தம் ஒன்பது பேர்.

எங்கே போனாலும் ஆட்களை எண்ணிவிடுவேன். பஸ் ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போதும் எண்ணுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இந்த ஒரு கணக்குதான் தவறாமல் வரும். ஒருத்தர் குறைந்தால் நெஞ்சு படபடக்கும். யாரும் குறையவில்லை என்றால், யாரையோ மறந்துவிட்டேனோ என்று படபடக்கும்.

அன்றைக்கு ஒன்பது என்பதுதான் எனக்குக் கவலை. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் கூடினால் சஹன் சாப்பாடு. பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருப்பதில்லை. ஆண்கள் நாலு பேருக்கு ஒன்று, பெண்கள் நாலு பேருக்கு ஒன்று. என் மகளுக்கு மட்டும் முன்னாடியே அடுப்படியில் வைத்து, தனித்தட்டில் ஸ்பூன் போட்டுக் கொடுத்துவிடுவேன். "ரெண்டு சஹனுக்கு எட்டு பேரு, கணக்கு சரியா இருக்கு" என்பேன். அது கணக்குக்காக இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் சொன்னதில்லை.

அவளுக்கு இப்போது பத்து வயது. ஏழு வயதில் மூட்டுவாதம் என்று சொன்னார்கள். "கெழவிங்களுக்கு வர்றது புள்ளைக்கு எப்புடி வரும்?" என்று டாக்டரிடமே கேட்டேன். வரும் என்றார். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் பஸ். காலையில் அவளுக்கு விரல் மடங்காது. வெயில் ஏறின பிறகுதான் கொஞ்சம் இளகும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் அவளோடு சஹனில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் முடித்துவிட்டு, கை காய்ந்துபோய்க் காத்திருந்தார்கள். இவள் சோற்றைக் கூட்டிப் பிடிக்கப் பிடிக்க அது விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஒரு அம்மா "பாவம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மகள் பாதியில் எழுந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அடுப்படி.

இந்த மே மாதம், இவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஐந்து நாள் கோடை முகாம் நடந்தது. லீவு விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், பெற்றவர்களாகச் சேர்ந்து நடத்தியது. நானா துபாயிலிருந்து ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினார். நான் சமையலுக்கு வருவதாகப் பெயர் கொடுத்தேன். சமையல் ஒரு சாக்கு. அவள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூவம், திருவேட்டக்குடி, திருநள்ளாறு என்று பல பக்கமிருந்தும் வந்த பிள்ளைகள், என் மகளோடு சேர்த்துப் பதினாலு பேர். முதல் நாள் காலை, பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண் ஒரு பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"பெரியவங்க எல்லாரும் கேட்டுக்குங்க. புள்ளைங்க கேக்குறதுக்கு முன்னாடி யாராச்சும் போயி உதவி பண்ணுனா, பத்து ரூபா இதுல போட்டுடணும். அடுத்த வருஷ கேம்புக்கு ஆகும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பூவத்துச் சிறுமி ஒருத்தி தண்ணீர் பாட்டில் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் கை தானாகப் போய்த் திறந்துவிட்டது.

"ஆன்ட்டி, பத்து ரூபா!" என்று கத்தினாள். பதினாலு பேரும் கைதட்டினார்கள்.

"ஒனக்குத்தானடி தொறந்து குடுத்தேன்!"

"நான் கேக்கலையே ஆன்ட்டி."

காலையில் வாளிகளில் வெந்நீர் விளாவி வைப்பது என் வேலை. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கையை அதில் முக்கிக்கொண்டு கதை பேசுவார்கள். யாருக்கு எந்த விரல் முதலில் மடங்குகிறது என்று போட்டி வேறு. மகள் வாய்விட்டுச் சிரிப்பது அடுப்பு வரைக்கும் கேட்கும். சாப்பிடும்போது அவள் மெதுவாகச் சாப்பிடுவதே தெரியவில்லை. அங்கே எல்லோருமே மெதுவாகத்தான் சாப்பிட்டார்கள். ஐந்தாம் நாள் என் அபராதம் இருநூற்று முப்பது ரூபாய். முகாமிலேயே அதிகம் கட்டியவள் நான்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் லாத்தா வீட்டு விருந்து. நான் வழக்கம்போல் அடுப்படியில் தனித்தட்டை எடுத்தேன். மகள் வாசலில் நின்றாள்.

"நானும் சஹன்ல உக்காருறேன்."

"அஞ்சு பேரு ஆயிடும்டா. எடம் பத்தாது."

லாத்தா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏண்டி, தட்டு என்ன ஒன் வீட்டுதா? நீ வேணா தள்ளி உக்காரு. புள்ள, நீ வாம்மா."

உட்கார்ந்தோம். பிஸ்மி சொல்லிக் கை வைத்தோம். லாத்தா கறியைப் பிய்த்து ஒவ்வொருவர் முன்னாலும் தள்ளிவிட்டாள். சஹனில் மூத்தவர்கள் செய்கிற உபசாரம் அது. நானும் ஒரு துண்டின் எலும்பைக் களைந்து, சோற்றோடு பிசைந்து உருட்டி, மகள் பக்கம் நகர்த்தினேன். நகர்த்தியதே எனக்குத் தெரியாது.

"உம்மா, பத்து ரூபா."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். நான் மூன்றே வாக்கியத்தில் முகாம் சட்டத்தைச் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டேன்: "பெரிம்மாவுந்தான் போட்டாங்க. அவங்கள்ட்ட கேக்க மாட்டியா?"

"அவங்க எல்லாருக்கும் போட்டாங்க. நீங்க எனக்கு மட்டும் போட்டீங்க."

லாத்தாதான், "சரியாத்தான் கேக்குறா. எடுடி பத்து ரூபாய!" என்றாள். நானாவின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

பிறகு நான் பயந்தது நடந்தது. நாங்கள் நாலு பேரும் முடித்துவிட்டோம். மகள் முடிக்கவில்லை. சோறு உதிர்ந்தது, கூட்டினாள், மறுபடி உதிர்ந்தது. என் கை அவள் பக்கம் போகாமலிருக்க இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். லாத்தா மகள் தன் காலேஜ் பஸ் கண்டக்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். லாத்தா தட்டோரத்து ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள். கை கழுவிவிட்டு வந்த நானா எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா முடியல?"

மகள் நிமிரவில்லை.

"கறி நல்லா இருக்கு மாமா. அவசரப்படுத்தாதீங்க."

"அப்ப எனக்கு ஒரு துண்டு குடு" என்று நானா குனிந்து வாயைத் திறந்தார். அவள் ஒரு துண்டை இரண்டு விரலால் பிடித்து, கீழே போடாமல், ஊட்டினாள். அப்புறம் தன் பக்கத்துத் தட்டை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். நாங்கள் நாலு பேரும் அவளோடு எழுந்தோம்.

கை கழுவுகிற இடத்தில் குழாய் இறுக்கமாக இருந்தது. திறந்துவிட்டேன்.

"இருவது" என்றாள்.

நானா பர்ஸை எடுத்தார். "மொத்தமா நான் கட்டிடுறேன், வுடு."

"நீங்க கேம்புக்குத் தனியா குடுங்க மாமா. இது உம்மா கட்டணும்."

இப்போது எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. கணக்கைக் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் அவளேதான் எழுதுகிறாள், தடித்த பென்சிலைப் பிடித்து, கோணல் கோணலாக. எழுதித் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். கேட்டதற்கு அபராதம் இல்லை என்றாள், ஆனால் பென்சிலைத் தரவில்லை. டப்பாவில் போட்டது போக, இன்றைக்கு என் பாக்கி நூற்று நாற்பது ரூபாய்.